ஏழு பூட்டு போட்ட வண்டி

மே 3, சனி

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் கேட்ட முதல் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை.

"பேட்டரிய கடைசியா எப்பப் பாத்தீங்க?"

பேட்டரியை யார் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? முந்தாநாள் என்றேன். பிறகு அதற்கு முந்தின நாள் என்றேன். ரைட்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இனிமேலாவது எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்க பெரியவரே" என்றார். பேட்டரி போனது முதல் நஷ்டம். ஐம்பத்து மூன்று வயதில் பெரியவரே ஆனது இரண்டாவது.

ஆகவே எழுதுகிறேன். இது என் மைத்துனன் சூசை அவனுடைய பூட்டுக்கடை பெயர் போட்டு புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. நாலு மாதம் வெள்ளையாகக் கிடந்தது. பிப்ரவரியில் மட்டும் என் மனைவி லூர்து ரவிக்கை அளவு எழுதி வைத்திருக்கிறாள். நான் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். மற்றவர்களைவிட எனக்கு ஒரு வருடப் படிப்பு கூடுதல், எனவே பிழை இருக்காது.

நடந்தது இதுதான். சர்ச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்த எங்கள் வீட்டு வண்டியின் பின்கதவை நெம்பித் திறந்து, உள்ளே இருந்த இரண்டு பேட்டரிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டு வண்டி என்றால், பன்னிரண்டு சீட்டு டெம்போவில் பதினொரு சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அகலக் கதவு வைத்த கழிவறை எல்லாம் வைத்துக் கட்டியது. பதினாலு வாரம் ஆயிற்று. தெருப் பிள்ளைகள் கேரவன் என்கிறார்கள். உள்ளே நடிகை இருக்கிறாளா என்று எட்டிப் பார்க்கிறார்கள்.

உள்ளே இருக்கப்போவது என் மகள் ஜெசிந்தா. பன்னிரண்டு வருடமாக சக்கர நாற்காலியில் இருக்கிறாள். அரசாங்கப் பரீட்சை எழுதி இளநிலை உதவியாளர் ஆகிவிட்டாள். தூத்துக்குடியில் போஸ்டிங். ஜூன் 2 அன்று சேர வேண்டும். பதினாறு வாடகை வீடு பார்த்தோம். வாசலில் மூன்று படி இல்லாத வீட்டைத் தமிழ்நாட்டில் யாரும் கட்டுவதில்லை. படி இல்லாமல் இருந்த ஒரே வீட்டில் கழிவறை மாடியில் இருந்தது. அதனால்தான் வண்டி. பின்பக்கம் லிஃப்ட் உண்டு. நாற்காலியோடு ஏற்றி இறக்கும். அந்த லிஃப்ட் ஓடுவது இப்போது போன பேட்டரியில்.

முப்பது நாள் இருக்கிறது.

மே 5, திங்கள்

புதுப் பேட்டரி சொல்லியாயிற்று. சூசை கடைக்குப் போய் யோசனை கேட்டேன். திண்டுக்கல்லில் பூட்டைப் பற்றி யோசனை கேட்பது, ஆற்றில் நின்றுகொண்டு தண்ணீர் கேட்பது மாதிரி. கடையில் இருந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். விபூதி வாங்கப் போகிற வழியில் எட்டிப்பார்த்த ஒருவரும் பேசினார்.

"மாமா, கதவுல இருக்குற கம்பெனிப் பூட்டெல்லாம் பூட்டே இல்ல. கொண்டி போட்டுத் தொங்குபூட்டு போடுங்க. ஆனா கொண்டியோட நட்டு உள்பக்கம் வரணும். வெளிய இருந்தா கழட்டிருவான்" என்றான் சூசை.

"எத்தனை நெம்புகோல் பூட்டு மாப்ள?"

"எட்டு. உள்ள எட்டு லீவரும் ஒண்ணா எழும்பினாத்தான் தெறக்கும். நானே சாவியத் தொலைச்சாலும் தெறக்க முடியாது."

கதவு விஷயத்தில் நான் கொஞ்சம் அப்படித்தான். எதிலும் அசட்டையாக இருப்பேன், கதவு சாத்தியிருக்கிறதா என்பதில் மட்டும் இருக்க மாட்டேன். வண்டியை விட்டு இறங்கினால் இழுத்துப் பார்ப்பேன். பத்தடி போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். ஏன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

மே 6, செவ்வாய்

பேட்டரிக்கு இரும்புக் கூண்டு வெல்டிங் செய்தேன். என் செருப்பையும் சேர்த்து.

மே 8, வியாழன்

பின்கதவுக்குக் கொண்டி. நாலு போல்ட், நட்டு எல்லாம் உள்பக்கம். வெளியே சூசையின் எட்டு நெம்புகோல் பூட்டு. ஸ்டெப்னிக்குச் சங்கிலி, ஒரு பூட்டு. டீசல் மூடிக்கு ஒன்று. கூண்டுக்கு ஒன்று. ஸ்டீயரிங்குக்குக் கம்பி, அதில் ஒன்று. முன்கதவு இரண்டுக்கும் ஒவ்வொன்று. மொத்தம் ஏழு. சாவிக்கொத்தை இடுப்பில் கட்டினால் வேட்டி நிற்க மாட்டேன் என்கிறது.

இதோடு ஒரு ரகசிய சுவிட்சும் வைத்தேன். லாரிக்காரர்கள் வைப்பார்கள். அதை அமுக்காமல் சாவி போட்டால் டீசல் ஏறாது, வண்டி கிளம்பாது. இருக்கும் இடம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் தண்ணீர் பிடித்தேன். ஏழு குடம்.

மே 10, சனி

வண்டி கிளம்பவில்லை. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு மெக்கானிக் காதரைக் கூப்பிட்டேன். காதர் பானட்டைத் திறக்கவே இல்லை. நேராகக் குனிந்து டிரைவர் சீட்டுக்கு அடியில் இடதுபக்கம் கையை விட்டார். வண்டி கிளம்பிவிட்டது.

"எப்படிப் பாய் தெரியும்?"

"வியாழக்கெழம டீக்கடையில நீங்கதான சொன்னீங்க."

"உங்ககிட்டயா?"

"என்கிட்ட இல்ல, பால்காரர்ட்ட. நான் பக்கத்து பெஞ்சு."

வீட்டுக்குள் வந்தால் லூர்து சொல்கிறாள், "ரகசியத்த நோட்டீஸ் அடிச்சுக் குடுங்க, சர்ச்சுல பூசை முடிஞ்சு வரவங்களுக்கும் ஒரு வசதி." ஜெசி சிரித்த சிரிப்பில் நாற்காலி இரண்டங்குலம் பின்னால் போயிற்று.

சுவிட்சை இடம் மாற்றிவிட்டேன். இந்தத் தடவை இங்கேகூட எழுதப் போவதில்லை.

மே 12, திங்கள்

ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி அடித்தேன். அவசர வழி என்று சிவப்பில் எழுதிய ஜன்னலுக்கும். ஜெசி கீழே நின்று, அதாவது உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, அது அவசரத்துக்கு வெளிய வர ஜன்னல்."

"திருடனுக்கு அது அவசரத்துக்கு உள்ள வர ஜன்னல்."

அவள் சிரிக்கவில்லை. "பின்கதவ உள்ள இருந்து எப்படித் தெறக்குறது?"

"நான் வெளிய இருந்து தெறந்து விடுவேன்ல."

"நீங்க எங்க இருப்பீங்க?"

"முன்சீட்டுல. பின்ன எங்க?"

"தூத்துக்குடியிலயா?"

"பின்ன திண்டுக்கல்ல இருந்துகிட்டாமா தெறப்பேன்?"

நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள். அப்புறம், "மகளிர் ஹாஸ்டல் வளாகத்துலதான்பா வண்டிய நிறுத்தப்போறோம். காம்பவுண்டு இருக்கு, வாட்ச்மேன் இருக்காரு. ஆம்பளைங்க ஆறு மணிக்கு மேல உள்ள இருக்கக் கூடாது. சிஸ்டர் உங்ககிட்டயும் சொன்னாங்கல்ல?" என்றாள்.

சொன்னார்கள். வார்டன் சிஸ்டர் அமலி நல்ல மாதிரி. இருபதாம் தேதிக்குள் உறுதி சொல்ல வேண்டும் என்றார்கள். பார்க்கலாம். பைபாஸில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது, லாரிகள் நிற்கும், நமக்குத் தெரிந்தவர்கள் வருவார்கள். இதை ஜெசியிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

வெயில் அதிகம். அவளுக்குத் தலைவலியாக இருக்கும்.

மே 15, வியாழன்

திருட்டு ஒத்திகை. சூசைதான் திருடன். லுங்கியை மடித்துக் கட்டி, முகத்தில் கர்ச்சீப்பும் கட்டிக்கொண்டு வந்தான். பட்டப்பகலில் பதினொரு மணிக்கு, தெருவே பார்க்க. அரை மணி நேரம் நெம்பினான், ஆட்டினான், அடியில் படுத்துப் பார்த்தான். ஒரு பூட்டும் அசையவில்லை. எழுந்து, "மாமா, இதுக்குள்ள எவனும் வரவும் முடியாது, போகவும் முடியாது" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நான் பெருமையாகத் திரும்பி ஜெசியைப் பார்த்தேன். அவள் சூசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்க சொன்னத அப்பாகிட்ட இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

அவன் இன்னொரு தடவை சொன்னான். நான் இன்னொரு தடவை சந்தோஷப்பட்டேன்.

மே 17, சனி

ரேஷன் கடை. பருப்பு இல்லை, திங்கள் வரச் சொன்னார்கள். மிக்ஸி ஜாருக்கு வாசர் மாற்றினேன். தூத்துக்குடியிலிருந்து சிஸ்டர் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். எடுக்க முடியவில்லை. கை ஈரமாக இருந்தது.

மே 19, திங்கள்

மெதுவாக எழுதுகிறேன். பேனா சரியில்லை.

வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று நானும் ஜெசியும் வைகை அணைக்குப் போனோம். வழியெல்லாம் நன்றாக இருந்தது. அவள் பின்னால் டீ போட்டு, ஓடுகிற வண்டியில் ஒரு சொட்டு சிந்தாமல் டம்ளரை நீட்டினாள். நான்தான் சட்டையில் கொட்டிக்கொண்டேன். அணைக்குப் பக்கத்தில் புளியமர நிழலில் நிறுத்தினேன். மீன் வறுவல் வாங்கி வருகிறேன் என்று இறங்கினேன்.

இறங்கினால் பூட்டுவேன். அது கையே செய்கிற வேலை. ஆள் உள்ளே இருந்தாலும் பூட்டுவேன், இல்லாவிட்டாலும் பூட்டுவேன். முன்கதவு இரண்டு, பின்னால் கொண்டி. இழுத்துப் பார்த்தேன். பத்தடி போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். ஜெசி ஜன்னல் கம்பி வழியாக, "அப்பா" என்றாள். "அஞ்சே நிமிசம்" என்றேன்.

மீன் கடையில் ஒரு தேனி வேன் டிரைவர் எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு விசாரித்தார். கேட்டவருக்குச் சொல்லாமல் எப்படி வருவது? கூண்டைச் சொன்னேன், கொண்டியைச் சொன்னேன், நட்டு உள்பக்கம் என்பதைக் கையில் சிகரெட் அட்டையை வைத்து விளக்கிக் காட்டினேன். அவருடைய வண்டியையும் போய்ப் பார்த்து, எங்கெங்கே பூட்டு போடலாம் என்று சொல்லிக் கொடுத்தேன். ஜெசி போன் செய்தால் தெரிந்திருக்கும். என் போன் வண்டியில் சார்ஜில் இருந்தது.

அஞ்சு நிமிடம் ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது. நிழல் நகர்ந்து போய், வண்டி முழு வெயிலில் நின்றது.

பின்கதவு திறந்து கிடந்தது. எட்டு நெம்புகோல் பூட்டு பூட்டியபடியே கொண்டியில் தொங்கியது. கொண்டி கதவோடு இல்லை. உள்ளே கட்டில் காலி. நான் மீனைக் கீழே போட்டேன்.

"திருடன்! திருடன்!" என்று கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது. தேனிக்காரரும் ஓடி வந்தார். ஒருவர் கேட்டார், "என்னய்யா போச்சு?"

"என் மகள்" என்றேன்.

"அந்தப் பிள்ளையா?" என்று ஒரு அம்மா கை காட்டினார். எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் மாங்காய் விற்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் ஜெசி நாற்காலியில் இருந்தாள். சட்டை முழுக்க வேர்வை. மடியில் ஸ்பேனர். வாயில் உப்பு மிளகாய் போட்ட மாங்காய்.

கிட்டே போனேன். கூட்டமும் கூடவே வந்தது.

"நட்டு உள்பக்கம்தானப்பா இருந்துச்சு" என்றாள். "கீழ் ரெண்டும் ஈசியா வந்துருச்சு. மேல் ரெண்டுதான் எட்டல. ஸ்பேனரத் தோசைக்கரண்டியில கட்டித் திருப்புனேன். நாப்பது நிமிசம்."

"எதுக்கும்மா? நான் வந்துருப்பேன்ல?"

"ஃபேன் நின்னுருச்சு. மொதல்ல பயங்கரமா வேர்த்துச்சு. அப்புறம் வேர்க்கிறது நின்னுருச்சு. அதுதான் பயமாப் போச்சு."

மாங்காய்க்காரப் பெண் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்பு போதாது.

திரும்பும்போது பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தேன். எழுபது கிலோமீட்டர். வண்டியில் மீன் வாசனை இல்லாதது ஒன்றுதான் மிச்சம்.

மே 20, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை.

மே 21, புதன்

லூர்து இரண்டு நாளாக எனக்குச் சோறு போடுகிறாள், குழம்பை ஊற்றுகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. இன்று காலையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள், "ஏங்க, உங்களுக்குத் திருடன் பயமா, இல்ல புள்ள பொழச்சுக்குவாளோன்னு பயமா?"

கோபம் வந்து வண்டிக்குப் போனேன். அங்கே ஜெசி கழற்றின நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள்தான் ஆரம்பித்தாள்.

"அந்த ஸ்கூல் வேன் கதவு..."

"அத விடு."

"இல்லப்பா. அன்னைக்குக் கடைசியா ஏறுனது நான். இழுத்துச் சாத்த வேண்டியது நான். என் கிளாஸ் பிரின்சியோட பேசிக்கிட்டே ஏறுனேன், பாதிதான் சாத்துனேன். திருப்பத்துல தெறந்துருச்சு."

"நான் டிரைவர். எறங்கி வந்து இழுத்துப் பாத்திருக்கணும்."

"பாத்திருக்கலாம். நானும் சாத்தியிருக்கலாம். எனக்குப் பதினோரு வயசு, உங்களுக்கு வீட்டுக்குப் போற அவசரம்." கையிலிருந்த நட்டை டப்பாவில் போட்டாள். "அதுக்கப்புறம் நீங்க அந்த வேன வித்தீங்க. ஆனா எறங்கவே இல்லப்பா. இன்னும் ஓட்டிக்கிட்டேதான் இருக்கீங்க."

மூக்கைச் சிந்தினேன். கிரீஸ் துணி என்பதைக் கவனிக்காததால் மீசை கறுப்பாகிவிட்டது. அவள் சிரித்த பிறகுதான் தெரிந்தது.

மத்தியானம் சிஸ்டருக்கு நானே போன் செய்தேன். ஒரு நாள் தாமதம், மன்னிக்க வேண்டும், இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"சார், உங்க பொண்ணு பன்னெண்டாந் தேதியே உறுதி பண்ணிட்டாளே! உங்களுக்குத் தெரியாதா? நான் ஒரு நல்லெண்ணத்துக்குத்தான் உங்களையும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

கம்பி அடித்த அன்றைக்கே. வீட்டுக்குள் போனது தலைவலிக்காக இல்லை.

மே 24, சனி

ஜெசி மேஸ்திரி, நான் சித்தாள், சூசை கையாள்.

வெளிக் கொண்டி போயிற்று. அதற்குப் பதில் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டு, அவள் தோள் உயரத்தில். உள்ளே குமிழைத் திருகினால் போதும், சாவி வேண்டாம். வெளியே சாவி. நான் துளை போடக் குறித்த இடத்தை அவள் இரண்டு தடவை அழித்துக் குறித்தாள். இத்தனை நாளும் எல்லாவற்றையும் என் நெஞ்சு உயரத்துக்குத்தான் வைத்திருக்கிறேன். கேஸ் வால்வைக்கூட.

அவசர ஜன்னல் கம்பியைக் கழற்றினேன். "மத்த ஜன்னல் கம்பி இருக்கட்டும்பா, அது நல்லாத்தான் இருக்கு" என்றாள். பேட்டரிக் கூண்டும் இருக்கட்டும் என்றாள். ரகசிய சுவிட்ச் எங்கே என்று கேட்டாள். சொன்னேன்.

"இது மறுபடி டீக்கடைக்குப் போகலையே?"

"சத்தியமா இல்ல."

"மாமா, காதர் பாய்கிட்ட மட்டும் கேட்டுருங்க" என்றான் சூசை.

ஜூன் 1, ஞாயிறு

தூத்துக்குடி. விடுதி வளாகத்தில் கிணற்றடிப் பக்கம், தளம் போட்ட இடம். சிஸ்டர் அமலி குட்டையாக, வேகமாக நடக்கிறவர். கரண்டு இழுத்துக் கொடுக்கிறேன் என்றார், தண்ணீருக்குக் குழாய் காட்டினார். நாங்கள் வந்து இறங்குவதை மாடியிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். லிஃப்ட் இறங்கியபோது ஒருத்தி கை தட்டினாள்.

லூர்து அரிசி டப்பாவிலிருந்து குளியல் சோப்பு வரை அடுக்கிவிட்டுப் போய் வாட்ச்மேனிடம் ஐந்து நிமிடம் பேசினாள். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. அந்த மனிதர் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

ஐந்தரை மணிக்கு சாவிகளை ஜெசியிடம் கொடுத்தேன். எது எதற்கு என்று ஆரம்பித்தேன். "தெரியும்பா" என்றாள். சொல்லி முடித்தேன். "தெரியும்பா" என்றாள்.

வாசல் வரை வந்துவிட்டேன். பத்தடி ஆயிற்று. கால் தானாக நின்றது. லூர்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக வேறு ஒருவர் ஓட்டுகிற வண்டியில் தூங்கிவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

வேலையில் சேர்ந்துவிட்டாள். மத்தியானமே கையெழுத்துப் போட்ட தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். நாலு பேருக்குக் காட்டினேன். டீக்கடையில் இல்லை. சரி, டீக்கடையிலும்தான்.

சாயங்காலம் ஆறேகாலுக்குப் போன். எடுத்தால் ஒரே இரைச்சல், பெண்கள் சிரிக்கிற சத்தம், பாத்திரச் சத்தம்.

"யாரும்மா அது?"

"ஆபீஸ்ல ரெண்டு அக்கா. மேல ஹாஸ்டல் பொண்ணுங்க மூணு பேரு. வண்டியப் பாக்கணும்னாங்க, உள்ள கூட்டிட்டேன். டீ போட்டுக்கிட்டு இருக்கேன்."

கதவு என்று வாய் வரை வந்தது. யார் அவர்கள், எந்த ஊர், முன்பின் பழக்கம் உண்டா என்பதும் வரிசையில் நின்றது. லூர்து அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஆறு பேருக்கு டம்ளர் பத்துமா?" என்று கேட்டேன்.

"பத்தாதுப்பா" என்றாள் ஜெசி. "ரெண்டு பேரு மூடியில குடிக்கிறாங்க. ஞாயித்துக்கெழம வரும்போது நாலு வாங்கிட்டு வாங்க. எவர்சில்வர் வேணாம், கை சுடுது. கண்ணாடி."

டம்ளர், நாலு. கண்ணாடி. பத்து மணிக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள், காலை ஆறு மணி பஸ் பிடித்தால் முன்னாலேயே போய் வாசலில் நிற்க வேண்டியிருக்காது. ஆனாலும் நாலரை பஸ்ஸுக்குப் போய்விடுவது என்று இருக்கிறேன்.